ஜோடியாக முதல் ஜப்பான் பயணம், பிசினஸ் கிளாஸில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்தைந்தாவது கல்யாண நாள், பணி ஓய்வு, பிள்ளைகள் செட்டிலான நிம்மதி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். “ஒரு தடவையாவது படுத்துக்கொண்டு போகிற சீட்டில் போகணும், அதுவும் ஜப்பானுக்கு” என்று கிளம்புகிற தம்பதிகள் கேட்கிற கேள்விகள் இவை. இந்திய பாஸ்போர்ட், சென்னையிலிருந்து புறப்பாடு, டோக்கியோ–கியோட்டோ–ஒசாகா சுற்று, இரண்டு பேர் மட்டும் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

ரெண்டு பேருக்கு பிசினஸ் கிளாஸ் என்றால் பெரிய தொகை. காசுக்குத் தகுமா?

பாதி வழிக்குத் தகும். மீதிப் பாதிக்குத் தகாது என்பது என் கட்சி.

எகானமியைப் போலப் பெரும்பாலும் மூன்று மடங்கு விலை. சீசனில் நான்கு மடங்கும் போகும். அதற்கு மேல் வரி வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் பிசினஸ் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. எகானமிக்கு 5 சதவீதம்தான். ஆக, இந்தப் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். லவுஞ்ச், ஷாம்பெயின், துணி நாப்கின் எல்லாம் ஒரு மணி நேர சந்தோஷம். நிற்கிற விஷயம் ஒன்றுதான்: இரவில் கால் நீட்டிப் படுத்துத் தூங்குவது.

ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம்தான் முன்னால் இருக்கிறது. அமெரிக்கா போல ராத்திரி பகலாகிற குழப்பம் இல்லை. அதனால் இரவு விமானத்தில் ஐந்து மணி நேரம் ஒழுங்காகத் தூங்கிவிட்டால், இறங்கிய அன்றே ஊர் சுற்றலாம். உட்கார்ந்தபடி தலையாட்டிக்கொண்டு போனால் முதல் நாள் ஹோட்டல் அறையில் கரைந்துவிடும்.

திரும்பி வரும் விமானம் பகலில் இருந்தால் கதை வேறு. பகல் ஏழு மணி நேரம் படம் பார்த்துக்கொண்டு வருவதற்கு மூன்று மடங்கு கொடுப்பது எனக்கு மனசு வராது. போகும்போது பிசினஸ், வரும்போது எகானமி அல்லது பிரீமியம் எகானமி என்று ஒரே டிக்கெட்டில் கலந்து எடுக்க நிறைய ஏர்லைன்கள் விடுகின்றன. மிச்சமாகிற பணத்தில் ஹக்கோனே பக்கம் வெந்நீர் ஊற்றோடு கூடிய ஒரு நல்ல ரியோகானில் (ஜப்பானியப் பாரம்பரிய விடுதி) இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாட்டுடன் தங்கலாம். நூறு யென் ஏறத்தாழ ஐம்பது அறுபது ரூபாய் என்கிற இந்தக் காலத்தில் அது எட்டாத விஷயமும் இல்லை.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லையா?

இருந்தது. ஆல் நிப்பான் ஏர்வேஸ் 2019 அக்டோபரில் சென்னையிலிருந்து டோக்கியோவின் நரிதா விமான நிலையத்துக்கு நேரடி விமானத்தைத் தொடங்கியது. சில மாதங்களில் கொரோனா வந்து நிறுத்தியது. இப்போதைக்கு எங்காவது மாறித்தான் போக வேண்டும்.

அப்படியானால் எந்த வழி நல்லது?

கேட்கிறவர்கள் எல்லாரும் எந்த ஏர்லைன் நல்லது என்றுதான் தொடங்குகிறார்கள். நான் முதலில் பார்ப்பது, நீளமான துண்டு எது, அது ராத்திரியில் விழுகிறதா என்பதைத்தான்.

சிங்கப்பூர் வழி: சென்னையிலிருந்து நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அங்கிருந்து டோக்கியோவுக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம். நம்மவர்கள் பழக்கதோஷத்தில் சென்னையிலிருந்து நள்ளிரவு விமானத்தைப் பிடிக்கிறார்கள். நாலு மணி நேரத்தில் சாப்பாடு, தட்டு எடுப்பது, இறங்குகிற அறிவிப்பு எல்லாம் போக இரண்டு மணி நேரம் கண்ணயரலாம். பிறகு காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் தள்ளாடிக்கொண்டு நின்று, அடுத்த ஏழு மணி நேரத்தைப் பகலில் கழிக்கிறார்கள். படுக்கைக்குக் கொடுத்த காசு வீண். அதையே திருப்பிப் போடுங்கள். காலையிலோ மதியமோ சென்னையில் ஏறி, சாயங்காலம் சிங்கப்பூரில் இறங்கி, இரவு பத்தரை பதினொன்றுக்கு மேல் கிளம்புகிற டோக்கியோ விமானத்தில் ஏறுங்கள். காலையில் ஜப்பான்.

ஹாங்காங் வழி: கேத்தே பசிபிக்கில் போகலாம். ஆனால் சென்னை–ஹாங்காங் ஐந்தரை மணி, ஹாங்காங்–டோக்கியோ நாலு மணி சொச்சம். தூக்கம் இரண்டு துண்டாகிறது, இரண்டும் அரைகுறை.

பாங்காக் வழி: தாய் ஏர்வேஸ். பாங்காக்கிலிருந்து டோக்கியோ ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரவு விமானம் உண்டு, ஆனால் தூக்கம் கொஞ்சம் குறுகும்.

கொழும்பு வழி: இதை யாரும் யோசிப்பதில்லை. சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரத் தாவல், பிறகு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் நரிதாவுக்கு நேராக ஒரே நீளப் பயணம். தூக்கக் கணக்கில் இது ரொம்ப சாதகம். விலையும் பல சமயம் மற்றவர்களைவிட இறங்கி இருக்கும். தினசரி விமானம் இல்லாத பருவம் வரும் என்பதால் தேதியில் நீங்கள்தான் வளைந்துகொடுக்க வேண்டும். ஒரு கவனம்: சென்னை–கொழும்பு சிறிய விமானம். அங்கே பிசினஸ் என்பது கொஞ்சம் அகலமான நாற்காலி மட்டுமே.

பெங்களூரு வழி: ஜப்பான் ஏர்லைன்ஸ் பெங்களூரிலிருந்து நரிதாவுக்கு நேரடியாகப் போகிறது, சுமார் எட்டரை மணி நேரம். ஜப்பானிய உபசரிப்பை வீட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்க ஆசைப்பட்டால் இதுதான். சென்னைக்காரர்கள் ரயிலிலோ காரிலோ முந்தின நாளே பெங்களூரு போய்விடுவது உத்தமம். தனி டிக்கெட்டில் உள்நாட்டு விமானத்தைப் பிடித்து, அது தாமதமானால் ஜப்பான் விமானம் யாருக்காகவும் காத்திருக்காது. கோவை, சேலம், ஓசூர் பக்கத்தவர்களுக்கு நான் யோசிக்காமல் பெங்களூரைத்தான் சொல்வேன்.

டெல்லி வழியில் ஏர் இந்தியா, ஜப்பான் ஏர்லைன்ஸ், ஆல் நிப்பான் மூன்றும் உண்டு. ஆனால் தெற்கிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் ஏறிப் போய்ப் பிறகு கிழக்கே திரும்புவது சுற்றுவழி.

“பிசினஸ் கிளாஸ்” என்று போட்டிருந்தால் எல்லாமே படுக்கைதானே?

இல்லை. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கேத்தே பசிபிக்கின் சில ஏ330 விமானங்களில் பிசினஸ் சீட் முழுக்கப் படுக்கையாகாது. நன்றாகச் சாயும், அவ்வளவுதான். அதே கம்பெனியின் ஏ350-ல் முழுப் படுக்கை. மலேசியா ஏர்லைன்ஸ் சென்னைக்கு 737-ஐ அனுப்பும் நாளில் சாய்வு நாற்காலிதான். ஒரே ஏர்லைன், ஒரே ஊர், வேறு நேரத்து விமானத்தில் வேறு சீட்.

புக் செய்வதற்கு முன் விமானத்தின் ரகத்தைப் பார்த்து, சீட் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஒரு வரிசையில் ஒன்று–இரண்டு–ஒன்று என்று இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை: முழுப் படுக்கை, யாரையும் தாண்டாமல் நடைபாதைக்கு வரலாம். அகலமான விமானத்தில் இரண்டு–இரண்டு–இரண்டு என்றால் விசாரியுங்கள். பழைய அமைப்பு என்றால் ஜன்னல் பக்கம் இருப்பவர் பாத்ரூம் போக, பக்கத்தில் தூங்குகிறவரின் காலைத் தாண்ட வேண்டும். ஜப்பான் ஏர்லைன்ஸின் சில விமானங்கள் இதற்கு விதிவிலக்கு. அங்கே இரண்டு–இரண்டு–இரண்டாக இருந்தாலும் ஜன்னல் சீட்டுக்குத் தனி வழி உண்டு, நடுவில் தடுப்பும் ஏறும்.

நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார எந்த சீட் எடுக்க வேண்டும்?

நடுவில் இருக்கிற ஜோடி சீட். ஆனால் மாற்றி மாற்றி அடுக்கிய அமைப்பில் ஒரு வரிசையில் நடு சீட் இரண்டும் ஒட்டியிருக்கும். அடுத்த வரிசையில் அவற்றுக்கு இடையில் இரண்டு மேசை அகலம் இருக்கும். வரைபடத்தில் சீட்டின் படம் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று உற்றுப் பார்த்தால் தெரியும்.

இன்னொரு யோசனையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரவு விமானத்தில் இரண்டு பேரும் தூங்கத்தான் போகிறீர்கள். ஆளுக்கொரு ஜன்னல் சீட்டை முன்னும் பின்னுமாக எடுத்துக்கொண்டால் இருவருக்கும் தனிமை, இருவருக்கும் வேடிக்கை. முப்பது வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்தவர்களுக்கு ஏழு மணி நேரம் ஒன்றும் செய்யாது.

வீட்டுக்காரர் குறட்டை விடுவார். மற்றவர்கள் ஏதாவது சொல்வார்களா?

சொல்ல மாட்டார்கள். இன்ஜின் சத்தம் பாதியை விழுங்கிவிடும், மீதிக்குக் காதடைப்பான் கொடுக்கிறார்கள். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட்டில் எனக்கு குடும்பப் பெயர் என்ற இடமே காலியாக இருக்கிறது. டிக்கெட் எப்படி எடுப்பது?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய தலைவலி. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு ஆயுசு முழுக்க வாழ்ந்துவிட்டோம். ஏர்லைன் படிவமோ இரண்டு பெட்டியையும் நிரப்பாமல் விடாது. ஒவ்வொரு ஏர்லைனுக்கும் ஒரு விதி. சிலர் ஒரே பெயரைக் கடைசிப் பெயர் பெட்டியில் போடச் சொல்வார்கள், சிலர் அதே பெயரை இரண்டு தடவை போடச் சொல்வார்கள். நீங்களாக அப்பா பெயரையோ கணவர் பெயரையோ அந்த இடத்தில் நிரப்பாதீர்கள். பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயராக இல்லை என்றால் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பொருந்தாது. டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த ஏர்லைனின் விதியைப் படித்துவிடுங்கள், அல்லது போனில் கேட்டு எடுங்கள். இரண்டு ஏர்லைன் சேர்ந்த டிக்கெட் என்றால் விமானத்தை உண்மையில் ஓட்டுகிறவர் யாரோ அவருடைய விதியையும் கேளுங்கள். மைலேஜ் கணக்கிலும் பெயர் அதே மாதிரி இருக்கட்டும். இல்லையென்றால் புள்ளிகள் ஏறாது.

விசா?

சுற்றுலாவுக்கு இந்தியர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் மின்விசா. விஎஃப்எஸ் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், சென்னையிலேயே முடிந்துவிடும். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: விமான நிலையத்தில் விசா அறிவிப்பை இணைய இணைப்போடு போன் திரையில் நேரலையாகக் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப், காகித நகல் செல்லாது. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்கிற நம் பழக்கம் இங்கே உதவாது. போனில் சார்ஜும் நெட்டும் இருக்கட்டும். இருவர் போனிலும் அவரவர் விசாவைத் திறந்து பழகிக்கொள்ளுங்கள்.

செலவை ஒருவரே ஏற்பதாக இருந்தால் மற்றவருக்கான விண்ணப்பத்தில் உறவுச் சான்று கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் துணையின் பெயர் இல்லையென்றால் திருமணப் பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். பிசினஸ் கிளாஸ் டிக்கெட் காட்டினால் விசா சுலபமாகக் கிடைக்கும் என்பது ஏஜென்ட்கள் கிளப்பிவிடும் கதை.

சிங்கப்பூரில் ஒரே டிக்கெட்டில் மாறுகிறீர்கள், வெளியே போகவில்லை என்றால் சிங்கப்பூர் விசா வேண்டாம். தனித்தனி டிக்கெட் எடுத்து, பெட்டியை வெளியே போய் எடுத்துவர வேண்டியிருந்தால் தேவைப்படலாம், முன்பே விசாரியுங்கள்.

நாங்கள் சைவம். விமானத்தில் என்ன கிடைக்கும்?

சொல்லி வைத்தால் கிடைக்கும். சொல்லாமல் ஏறி, “வெஜிடேரியன் இருக்கா?” என்று கேட்டால் பழத்தட்டும் ரொட்டியும்தான். புறப்பாட்டுக்குக் குறைந்தது ஒரு நாள் முன் பதிவு செய்ய வேண்டும். இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறியீடுகளைக் கவனியுங்கள். ‘ஏவிஎம்எல்’ என்பது இந்திய முறைச் சைவம்: சாதம், பருப்பு, பன்னீர், சப்ஜி. ‘விஜேஎம்எல்’ ஜைனருக்கானது, வெங்காயம், பூண்டு, கிழங்கு இருக்காது. ‘விஜிஎம்எல்’ பால்கூட இல்லாத சைவம். எல்லாரும் தவறாகத் தேர்ந்தெடுப்பது ‘எச்என்எம்எல்’. இந்து உணவு என்று பெயர் பார்த்துவிட்டு சைவம் என்று நினைத்து விடுகிறார்கள். அது மாட்டிறைச்சி இல்லாத அசைவம். மூடியைத் திறந்தால் கோழியோ மீனோ இருக்கும்.

இன்னொன்று: போகும் விமானம், மாறும் விமானம், திரும்பும் விமானம் என்று ஒவ்வொன்றிலும் பதிவாகியிருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். ஒரு துண்டில் விட்டுப்போவது சகஜம். இருவர் பெயரிலும் பாருங்கள்.

ஜப்பானிய ஏர்லைன்களின் பெருமையே அந்த ஜப்பானியச் சாப்பாடுதான். சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஒன்பது வகை வைத்துக் கொண்டுவருவார்கள், பார்க்க அழகு. ஆனால் காய்கறி மாதிரித் தெரிகிற பண்டத்திலும் தாஷி இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் கொதிக்கவைத்த சாறு. மிசோ சூப்பிலும் அதே. கணவர் அசைவம், மனைவி சைவம் என்கிற வீடுகளில் ஒருவர் ஜப்பானியத் தட்டையும் மற்றவர் ஏவிஎம்எல்லையும் வாங்கி, ஊறுகாயையும் பழத்தையும் பரிமாறிக்கொள்ளலாம்.

தரையிறங்கிய பிறகும் இதே தாஷி உங்களைத் துரத்தும். டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ளேயே ‘டீஸ் டான்டான்’ என்று முழுக்க சைவ ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை இருக்கிறது. ஒகாச்சிமாச்சியில் ‘வெஜ் ஹெர்ப் சாகா’வில் தோசை, சாம்பார் கிடைக்கும். நிஷி-கசாய் வட்டாரத்தில் இந்தியக் குடும்பங்கள் நிறைய, மளிகைக்கடைகூட உண்டு. ஒரு வாரம் தாங்கும்.

சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாமா, தூங்கிவிட்டுச் சாப்பிடலாமா?

இரவு ஏழு மணி நேர விமானத்தில் ராத்திரிச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டால் ஒன்றரை மணி நேரம் போச்சு. இறங்க இரண்டு மணி இருக்கும்போது காலைச் சாப்பாட்டுக்கு விளக்குப் போட்டுவிடுவார்கள். நடுவில் மூன்றரை மணிதான் மிச்சம். எனவே லவுஞ்சிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு, ஏறியதும் “சாப்பாடு வேண்டாம், காலையில் எழுப்புங்கள்” என்று பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டுப் படுங்கள். காசு கொடுத்த சாப்பாட்டை விடுவதா என்று மனசு அடித்துக்கொள்ளும். அது இயல்பு. படுக்கும்போது பெல்ட்டைப் போர்வைக்கு மேலாகப் போடுங்கள். குலுங்கும்போது பெல்ட் தெரியவில்லை என்றால் எழுப்பிப் பார்ப்பார்கள்.

லவுஞ்சில் என்ன பார்க்க வேண்டும்?

சாங்கியில் ஷவர் இருக்கிறது, கேட்டு வாங்கிக் குளியுங்கள். திரும்பும்போது டோக்கியோவின் நரிதாவிலோ ஹனேடாவிலோ ஜப்பான் ஏர்லைன்ஸின் சகுரா லவுஞ்ச் கிடைத்தால், அங்கே கூட்டம் மொய்க்கிற அந்தப் புகழ்பெற்ற குழம்பு மாட்டிறைச்சியில் செய்தது என்பதைத் தெரிந்துகொண்டு கரண்டியைத் தொடுங்கள். அது கிண்ணத்தில் நம் ஊர்க் குருமா போலவே இருக்கும்.

கிரெடிட் கார்டு புள்ளிகளில் போக முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். நம் ஊர்ப் பெரிய வங்கிகளின் மேல்தட்டுக் கார்டுகளிலிருந்து புள்ளிகளை ஏர்லைன் மைல்களாக மாற்றலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா, ஆல் நிப்பான், தாய் ஆகியவை ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி. ஜப்பான் ஏர்லைன்ஸ், கேத்தே, மலேசியா, ஸ்ரீலங்கன் ஆகியவை ஒன்வேர்ல்ட். எந்தக் கூட்டணியில் புள்ளி சேர்த்திருக்கிறீர்களோ அந்தப் பக்கம் பாருங்கள்.

சிரமம் மைல்களில் இல்லை, சீட்டில்தான். குறைந்த மைல் விகிதத்தில் ஒரு விமானத்துக்குச் சில சீட்களையே திறப்பார்கள். ஒருவருக்குக் கிடைக்கும், இருவருக்கு இல்லை என்று நிற்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 355 நாள் முன்னதாகவே திறக்கிறது, அதனால் அடுத்த வருஷ சகுராவுக்கு (செர்ரிப் பூ சீசன்) இந்த வருஷமே உட்கார வேண்டும். அவர்களுடைய மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் உங்கள் மைல்களில் மனைவிக்கோ கணவருக்கோ டிக்கெட் எடுக்க, முதலில் அவரை நாமினியாகச் சேர்க்க வேண்டும். ஐந்து பேர் வரை இலவசம். வங்கியிலிருந்து மைல் வந்துசேரச் சில நாட்கள் பிடிக்கலாம், ஒருமுறை மாற்றிவிட்டால் திரும்பப் போகாது. சீட் கண்ணில் பட்ட பிறகே மாற்றுங்கள்.

மைல் டிக்கெட்டில் ஒருவழியாக எடுப்பது சுலபம் என்பதால், நான் மேலே சொன்ன ‘போகும் வழி மட்டும் பிசினஸ்’ யோசனைக்கு இது அழகாகப் பொருந்தும்.

எகானமி எடுத்துவிட்டு, ஏலம் கேட்டு மேலே போகலாம் என்கிறார்களே?

பல ஏர்லைன்கள் அழைப்பு அனுப்பும்: இவ்வளவு தருகிறேன் என்று நீங்கள் தொகை சொல்ல வேண்டும், புறப்பாட்டுக்கு ஓரிரு நாள் முன் முடிவு தெரியும். தொகை ஆளுக்கு என்பதைக் கவனியுங்கள், ஒரே புக்கிங்கில் இருந்தால் இரட்டிப்பாகும். பொதுவாக ஒரே புக்கிங்கில் இருவருக்கும் சேர்த்தே கிடைக்கும், அல்லது இருவருக்குமே கிடைக்காது. ஐம்பதாவது பிறந்தநாள் பரிசு என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஏலத்தை நம்பாதீர்கள். கிடைத்தால் லாபம் என்கிறவர்களுக்கே இது.

பட்ஜெட் இடிக்கிறது. ஒருவருக்கு மட்டும் பிசினஸ் எடுத்தால்?

முதுகுவலி, மூட்டுவலி இருப்பவருக்கு எடுத்துவிட்டு மற்றவர் எகானமியில் போவதில் தப்பே இல்லை, நான் ஆதரிப்பேன். ஆனால் நடுவில் சீட் மாறி உட்காரவோ, பிசினஸ் பகுதிக்கு வந்து பேசிக்கொண்டிருக்கவோ விடமாட்டார்கள். லவுஞ்சிலும் பிசினஸ் டிக்கெட்காரரோடு இன்னொருவரைப் பெரும்பாலும் விடுவதில்லை. இதைப் புறப்படுவதற்கு முன் வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். விமான நிலையத்தில் பேசினால் நன்றாயிருக்காது.

என்ன உடுத்துவது? லுங்கி கட்டிக்கொள்ளலாமா?

சட்டப்படி தடையில்லை, ஆனால் படுக்கை குறுகல், புரளும்போது லுங்கி தன் வழிக்குப் போகும். தளர்வான பேன்ட், பனியன் துணிச் சட்டை. புடவையில் படுப்பதும் சிரமம். பருத்திச் சுடிதார் மேல். மெல்லிய சால்வையும் காலுறையும் கைப்பையில் இருக்கட்டும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள்.

நரிதாவா, ஹனேடாவா?

விலை ஒன்றென்றால் ஹனேடா. ஊருக்குள்ளேயே இருக்கிறது, கெய்க்யூ ரயிலில் ஷினகாவா கால் மணி நேரத்துக்குள். நரிதா சுமார் அறுபது கிலோமீட்டர் தள்ளி, பக்கத்துச் சிபா மாவட்டத்தில். டாக்ஸி இருபதாயிரம் யென்னைத் தாண்டும். ரயில் அருமையாக இருக்கிறது: ஸ்கைலைனரில் உயெனோ நாற்பது நிமிஷம் சொச்சம், நரிதா எக்ஸ்பிரஸில் டோக்கியோ நிலையம் ஒரு மணி நேரம்.

டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புவது போல டிக்கெட் எடுங்கள். வந்த வழியே ஷின்கான்சென் புல்லட் ரயிலில் திரும்பும் செலவும் நேரமும் மிச்சம். கியோட்டோ வரை ஒருவருக்கு ஒருவழி 14,000 யென் சுற்று ஆகிறது. அப்படி ஒருவழி மட்டும் போகிறவர்களுக்கு ஜப்பான் ரயில் பாஸ் வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 50,000 யென் ஆகிவிட்டது.

எத்தனை பெட்டி கொண்டுபோகலாம்?

பிசினஸில் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஆளுக்கு 32 கிலோவில் மூன்று பெட்டி தருகிறது, ஆல் நிப்பான் இரண்டு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மொத்தம் 40 கிலோ. தருகிறார்கள் என்பதற்காக நிரப்பாதீர்கள். ஜப்பானிய ஹோட்டல் அறையில் இரண்டு பெரிய பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. நீள, அகல, உயரக் கூட்டல் 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென்னில் அதற்கான இடத்தோடு சீட் முன்பதிவு செய்ய வேண்டும். பெரிய பெட்டியை யமாட்டோ போன்ற கூரியரிடம் கொடுத்து அடுத்த ஊர் ஹோட்டலுக்கு அனுப்பிவிடலாம், அநேகமாக மறுநாள் போய்ச் சேரும். ஹோட்டல் வரவேற்பு மேசையிலேயே எழுதிக் கொடுக்கிறார்கள். இதைவிட நல்ல வசதி ஜப்பானில் கிடையாது என்பேன். திரும்பும் வழி எகானமி என்றால் எடை அளவு குறையும், ஞாபகம்.

மாத்திரை, ஊறுகாய், பொடி வகை?

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், மாங்காய் ஊறுகாய் பிரச்சினையில்லை. இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது. சிக்கன் ஊறுகாய், மட்டன் தொக்கு வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் போன்றவை தாவரச் சான்றிதழ் இல்லாமல் போகாது.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒரு மாதத்துக்கானது வரை சாதாரணமாகக் கொண்டுபோகலாம், மருந்துச்சீட்டோடு. அதற்கு மேல் என்றால் ‘யுன்யு ககுனின்-ஷோ’ என்ற அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் வாங்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துக்கு அங்கே தடை. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பையில் போடுங்கள்.

இறங்கியதும் என்ன நடக்கும்?

‘விசிட் ஜப்பான் வெப்’ தளத்தில் குடிவரவு, சுங்க விவரங்களை முன்பே நிரப்பி க்யூஆர் கோடு எடுத்து வையுங்கள். கைரேகை, போட்டோ எடுப்பார்கள். பிசினஸில் வந்தவர்கள் முதலில் இறங்குவதால் வரிசையில் முன்னால் நிற்கலாம். லவுஞ்சைவிட உருப்படியான லாபம் இது.

ஃபூஜி மலை தெரியுமா?

சிங்கப்பூர், ஹாங்காங், பாங்காக் பக்கமிருந்து டோக்கியோ போனால் இடது ஜன்னல், அதே வழியில் திரும்பினால் வலது. குளிர்காலக் காலைகளில் வாய்ப்பு அதிகம். ஜூன், ஜூலை மழைமேகத்தில் சந்தேகம். 787 விமானத்தில் ஜன்னலுக்கு மூடி கிடையாது, பொத்தானால் கண்ணாடி கறுக்கும். பணியாளர்கள் மொத்தமாகக் கறுக்க வைத்திருந்தால் கேட்டுத் தெளிய வைக்கலாம்.

டிப்ஸ்?

வேண்டாம். விமானத்திலும் வேண்டாம், ஊரிலும் வேண்டாம்.

எந்த மாதம்?

சகுரா மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். டிக்கெட் விலையும் அப்போது உச்சியில். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானியரே ஊர் ஊராகப் போகிற கோல்டன் வீக், தவிருங்கள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் ஜோடியாகப் போவதன் சௌகரியம். நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை கியோட்டோவில் மேப்பிள் இலைகள் சிவக்கும்; என் ஓட்டு அதற்கு.

காலை ஆறரைக்கே இறங்கிவிடுகிறோம். ஹோட்டல் அறை மூன்று மணிக்குத்தான். அதுவரை?

பெட்டியை ஹோட்டலில் கொடுத்துவிடுங்கள், காசு வாங்காமல் வைத்துக்கொள்வார்கள். ஹனேடாவில் காசு கொடுத்துக் குளிக்க இடம் உண்டு. தூங்கி வந்தவர்களாக இருந்தால் நேராக அசாகுசா போங்கள். சென்சோஜி கோயிலின் பிரதான மண்டபம் காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறது, குளிர்மாதங்களில் ஆறரை. நாகமிசே தெருக் கடைகள் ஒன்பது, பத்துக்குத்தான் திறக்கும். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நடக்க முடியாது.